கோழி லாரி மேடம்

சௌந்திரம் மேடத்துக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலையோரக் கல்லூரி ஒன்றில் அவர் முதலாண்டு இயற்பியல் எடுக்கும்போது, சாலைக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவருக்கும் நியூட்டனின் விதிகள் இலவசமாகக் கிடைத்துவிடும். அந்தக் குரல் அப்பா வழியில் வந்தது. அப்பாவிடம் ஆழ்துளைக் கிணறு தோண்ட போர் போடுகிற ரிக் வண்டி ஒன்று இருந்தது. கம்ப்ரசர் ஓடுகிற இடத்தில் பகலெல்லாம் கத்திப் பேசிய மனிதர், வீட்டுக்கு வந்தும் அதே சத்தத்தில்தான் ரசம் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லியே வளர்ந்த மகளுக்குத் தொண்டை அப்படி அமைந்துவிட்டது.

வகுப்பில் அவர் உட்கார மாட்டார், நோட்டைப் பார்க்க மாட்டார், கேள்வியும் கேட்க மாட்டார். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் ஓட்டம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. மணி அடிப்பதற்குச் சற்று முன்பு மட்டும் "புரிஞ்சுதா சாமி?" என்பார். அறுபது வாயும் ஒன்றாகத் திறந்து "புரிஞ்சுதுங்க மேடம்" என்று சொல்லும். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் விடுதிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். விடியுமுன் எழுப்பி உட்காரவைத்து மனப்பாடம் செய்யவிட்ட அந்தப் பள்ளிகளில், புரிந்ததா என்று யாராவது கேட்டால் புரிந்தது என்று சொல்லத்தான் முதலில் பழக்கியிருந்தார்கள். மேடம் அதை நம்பினார். இருபது வருடமாக நம்பினார். கேட்பதற்கு அவ்வளவு இனிமையாக இருக்கும்போது நம்பாமல் என்ன செய்வது?

அவருடைய வகுப்புகளிலேயே உச்சம் மூன்றாம் விதி நடத்துகிற நாள். அன்றைக்குப் பக்கத்து வகுப்புப் பையன்கள்கூடச் சன்னலோரம் ஒதுங்குவார்கள். ஏனென்றால் அன்றைக்குத்தான் கோழி லாரி வரும்.

"பண்ணையில கோழி ஏத்திக்கிட்டு லாரி எடைமேடைக்கு வருது சாமி. கோழி வாங்கற ஏவாரியோட டிரைவர் இருக்கானே, லேசுப்பட்டவனா அவன்? மெதுவாக் கீழ எறங்கி, லாரி பாடியில டொக்கு டொக்குனு தட்டுவான்." இந்த இடத்தில் மேடம் டஸ்டர் கட்டையால் மேசையைத் தட்டுவார். "உள்ள இருக்கிற கோழியெல்லாம் பதறிப் போயிப் பறக்கும். பறக்கிற கோழி லாரி மேல நிக்குமா? நிக்காது. எடை கொறைஞ்சு போச்சு! பண்ணைக்காரர் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாரு, இவன் வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருவான்."

வகுப்பே சிரிப்பில் அதிரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மேடம், "இதுதான் மூணாவது விதி. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு" என்று முடித்துவிடுவார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

படித்துவிட்டுப் போனவர்கள் மேடத்தை மறந்தாலும் கோழியை மறக்கவில்லை. சங்ககிரியில் ஒரு முறை ஹெல்மெட் இல்லாமல் போனதற்காக இன்ஸ்பெக்டர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். முகத்தைப் பார்த்தார், ஸ்கூட்டரின் முன்பக்கத்தை விரல் முட்டியால் டொக்கு டொக்கு என்று தட்டினார், "கோழி லாரி மேடம்!" என்று சிரித்து அனுப்பிவிட்டார். வங்கியில் தட்டுவார்கள், கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசையைத் தட்டுவார்கள். சிறந்த ஆசிரியர் விருது எதுவும் சௌந்திரத்துக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அந்த டொக்கு டொக்கு ஒவ்வொன்றையும் அவர் விருதாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே விழுந்தவர் கல்லூரித் தாளாளர் சென்னிமலை. அவருக்குக் கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, அதெல்லாம் போதாது என்று கல்லூரியும் இருக்கிறது. கோயமுத்தூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய் வந்தவர், ஆசிரியர் நின்று பேசுவதெல்லாம் பழைய முறை, இனிமேல் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவரவர் வேகத்தில் படித்துக்கொள்வார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தார். பண்ணையில் தானாகத் தீவனம் போடுகிற இயந்திரம் வைத்த பிறகு அவருக்கு எதையும் தானாக நடத்திவிடலாம் என்று ஒரு எண்ணம்.

"அப்ப நான் என்னுங்க பண்றது?" என்று சௌந்திரம் கேட்டார்.

"மேடத்துக்கா வேலை இல்லைங்க? அட்மிஷனுக்குப் போலாமுங்க. உங்க கொரலுக்கு ஊர் எல்லையில நின்னு பேசுனாப் போதும்" என்றார் சென்னிமலை.

தனியார் கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஊர்களுக்குக் கல்லூரி வேனில் போய், வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பிள்ளையை எங்களிடம் சேருங்கள் என்று கும்பிட வேண்டும். சௌந்திரம் ஒரு கோடையில் தம்மம்பட்டிப் பக்கம் போயிருக்கிறார். ஒரு வீட்டில் மோர் கொடுத்து, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பத்திரிகையும் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் நாய் சேலையைப் பிடித்துக்கொண்டது. வகுப்பு என்கிற ஒன்று இல்லாமல் இனிமேல் வருடம் முழுவதும் அதுதான் வேலை என்றால் அவரால் ஆகாது. அவருக்குப் பேச வேண்டும். எதிரில் அறுபது முகம் வேண்டும். அது போய்விட்டால் தான் யார் என்றே அவருக்குத் தெரியாது.

அவரைத் தற்காலிகமாகக் காப்பாற்றியவர் நயீம். சேலம் சூரமங்கலத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருகிற புதிய ஆசிரியர், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மெல்லிய குரல், முன்பெஞ்சுக்கே பாதிதான் கேட்கும். கம்ப்யூட்டர் பாடத்தையெல்லாம் தயாரிக்கச் சொன்னதே அவரைத்தான். அவர்தான், "எது நல்லதுன்னு பார்க்காம மாத்த வேண்டாம் சார். ஒரு செமஸ்டர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்" என்றார். ஏ பிரிவுக்கு மேடத்தின் வகுப்பு. பி பிரிவுக்குக் கம்ப்யூட்டர் அறை: வீடியோ பார்க்க வேண்டும், சின்னச் சின்னப் பயிற்சி செய்ய வேண்டும், தயாரானதும் அலகுத் தேர்வு எழுத வேண்டும், நூற்றுக்கு எண்பது வாங்கினால்தான் அடுத்த அலகு திறக்கும். வாங்காவிட்டால் திரும்பப் படித்துத் திரும்ப எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். கடைசியில் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. எந்தப் பிரிவு முந்துகிறதோ அந்த முறைதான் அடுத்த வருடம் என்று சென்னிமலை தீர்ப்பைத் தயாராக வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் சௌந்திரத்துக்குக் கொண்டாட்டம். பி பிரிவில் ஒருவர்கூட முதல் அலகைத் தாண்டவில்லை.

"எப்பங்க சார் டெஸ்ட் எழுதோணும்?" என்று கேட்டாள் யுவஸ்ரீ. விடுதிப் பள்ளியில் எப்போதும் முதல் மார்க் வாங்கிய பெண்.

"நீங்க தயாரானதும் எழுதலாம்."

"நாங்க எப்பங்க சார் தயாராகோணும்?"

பிறந்ததிலிருந்து மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் எழுதி வந்த பிள்ளைகளிடம் போய் உங்கள் வேகத்தில் வாருங்கள் என்றால் எந்த வேகம் தங்களுடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முந்திவிட்டால் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தது போலாகும் என்று ஒரு ஒப்பந்தம் வேறு. சௌந்திரம் ஆசிரியர் அறையில் இதைக் கேட்டு இரண்டாவது டீ வாங்கிக் குடித்தார்.

பிறகு எப்படியோ வேகம் பிடித்துவிட்டது. தோற்றாலும் யாரும் திட்டவில்லை, தோற்றது யாருக்கும் தெரியவும் இல்லை என்பது பிள்ளைகளுக்கு மெதுவாக உறைத்தது. யுவஸ்ரீ இரண்டாம் அலகில் மூன்று முறை தோற்றாள், நான்காவது முறை தாண்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்றதைச் சொல்லிச் சிரித்தாள். சௌந்திரத்துக்கு டீ கசந்தது. அன்றிலிருந்து அவர் இன்னும் சத்தமாக வகுப்பெடுத்தார். கம்ப்யூட்டர் அறை எதிர்க் கட்டடத்தில்தான், நடுவில் ஒரு வேப்ப மரம் மட்டுமே. அங்கே ஏசி கெட்டுப்போய்ச் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

எழுத்துத் தேர்வில் இரண்டு பிரிவும் கிட்டத்தட்டச் சமம். மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு. அவரவர் பிள்ளைகளுக்கு அவரவர் மார்க் போட்டால் கை தாராளமாகிவிடும் என்று நயீம் ஆட்களை மாற்றினார். ஏ பிரிவை அவர் கேட்பார், பி பிரிவை மேடம் கேட்பார். கேள்விகள் பொது. விடைகளையும் ஒரு தாளில் அச்சடித்து மேடத்திடம் கொடுத்தார். முதலாண்டுக் கேள்விக்குச் சௌந்திரத்துக்கே விடையா? மேடம் அதை மடித்துக் கைப்பையில், புளிசாத டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கேள்விகளில் ஒன்று இது: நாலாபுறமும் மூடிய பெரிய பெட்டி ஒன்று தராசின் மேல் இருக்கிறது. உள்ளே புறாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை எல்லாம் எழும்பிப் பெட்டிக்குள்ளேயே பறந்தால், தராசு காட்டும் எடை என்ன ஆகும்?

தேர்வு முடிந்து கூட்டிப் பார்த்தபோது பி பிரிவு முந்தியிருந்தது. கொஞ்சம் அல்ல, நன்றாகவே முந்தியிருந்தது. சௌந்திரம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வரும்போது நயீம் இரண்டு பிரிவு மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், புறா கேள்விக்கு ஏ பிரிவுல எல்லாருக்கும் நான் சைபர் போட்டிருக்கேன். பி பிரிவுல எல்லாருக்கும் நீங்க முழு மார்க் போட்டிருக்கீங்க."

"சரியாச் சொன்னாப் போடாம என்னுங்க பண்றது? எடை கொறையும்னு டக்குனு சொன்னாங்க."

"ஏ பிரிவும் அதையேதான் சொன்னாங்க. அதனாலதான் சைபர்." நயீம் தயங்கினார். "இன்னொண்ணு கேக்கணும் மேடம். வந்த பிள்ளைங்க எல்லாம் மேசையைத் தட்டினாங்க. டிரைவர் தட்டினா பறக்கும், எடை குறையும்னாங்க. கேள்வியில டிரைவரே இல்லையே. அந்த டிரைவர் யாரு மேடம்?"

சௌந்திரம் வாய்விட்டுச் சிரித்தார். சேலம் டவுனிலிருந்து வந்தவருக்குக் கோழி லாரி தெரியவில்லை, பாவம். முழுக் கதையையும் டஸ்டர் கட்டையோடு நடத்திக் காட்டினார். நயீம் சிரிக்கவில்லை.

"பறவை அந்தரத்துல நிக்கணும்னா தன் எடை அளவுக்குக் காத்தைக் கீழ தள்ளணும் மேடம். அந்தக் காத்து பெட்டியோட தரையைத் தள்ளும். மூடின பெட்டிதானே, காத்து வேற எங்க போகும்? எடை அதேதான்."

"அது பொட்டி, இது லாரிங்க" என்றார் மேடம். "லாரி காத்தும் கீழ எடைமேடை மேலதானே மேடம் இறங்கும்?" என்றார் நயீம். பிள்ளைகள் எல்லாம் போன பிறகு மேடம் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் நயீமின் பாஸ்வேர்டில் மூன்றாம் அலகைத் திறந்து உட்கார்ந்தார். அதே மாதிரி ஒரு கேள்வி வந்தது, நூற்றுக்கு எண்பது போதும் என்று பி பிரிவுப் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன கேள்வி. பிடிவாதமாக, குறையும் என்று அழுத்தினார். "சரியில்லை. மீண்டும் முயலவும்" என்றது திரை. "உனக்கென்னடா தெரியும்?" என்று திரையைத் திட்டினார். அது கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை, அதையே திரும்பக் காட்டியது. மேடம் ஒரு தாளை எடுத்துக் கோழி வரைந்தார், கோழிக்குக் கீழே அம்புக்குறி, தரைக்கு மேலே அம்புக்குறி. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. இருபது வருடமாகக் கோழிக் கதையை முடித்த கையோடு அவர் சொல்லி வந்த வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு முன்னால் சொன்ன கதையை அந்த வாக்கியமே தப்பு என்கிறது. அவருக்கு அழுகை வந்தது. அறையில் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் அழுதார்.

மறுநாள் நயீமையும் வைத்துக்கொண்டு யுவஸ்ரீயைப் பிடித்தார். "சாமி, நீ பி பிரிவு. என் கிளாஸ்ல கால் வெக்கல. தேர்வுல நீயும் மேசையைத் தட்டித்தான் சொன்னே. உனக்குக் கோழி லாரி எப்படித் தெரியும்?"

யுவஸ்ரீ நயீம் சாரைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். "வீடியோல ஒண்ணும் புரியலீனா ஹெட்போனைக் கழட்டிருவோமுங்க மேடம். சன்னல் வழியா உங்க கொரல் வருமுங்க. அதைக் கேட்டுக்குவோம்."

"அப்புறம்?"

"நீங்க போரடிச்சீங்கன்னாத் திரும்ப மாட்டிக்குவோமுங்க."

நயீம் நெற்றியில் கை வைத்தார். அவருடைய ஒப்பீடு மொத்தமும் வேப்ப மரத்தடியில் கலந்துபோயிருந்தது. எது வீடியோவால் வந்த மார்க், எது மேடத்தால் வந்த மார்க் என்று இனி எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. பி பிரிவு மேடத்தைக் கேட்டது என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி, எந்த வீடியோவிலும் இல்லாத அந்தக் கோழிதான்.

"ஒரு வழி இருக்கு மேடம்" என்றார் நயீம், இருந்த குரலையும் தாழ்த்திக்கொண்டு. "அந்தக் கேள்வியை எடுத்துடறேன். ரெண்டும் சமம்னு சொல்லிடலாம். உங்க கோழி வெளிய வராது."

"சமம்னா அவரு என்னுங்க சொல்லுவாரு? மேடம் இல்லாமயே அதே மார்க் வருதில்லீங்களான்னு என்னை வேன்ல ஏத்தீருவாரு." சௌந்திரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கோழியை மறைத்தால் வகுப்பு போகும். வகுப்பைக் காப்பாற்ற வேண்டுமானால், இருபது வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் கோழிப் பண்ணைக்காரரிடம். அப்படிச் சொன்ன பிறகு வகுப்பை வைத்துக்கொள்ள விடுவார் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

சொன்னார். தாளாளர் அறையில் நின்றுகொண்டுதான் சொன்னார், அவருக்கு உட்கார்ந்து பேச வராது. புறாவையும் கோழியையும் ஹெட்போனையும் சன்னலையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கதவுக்கு வெளியே அலுவலக ஊழியர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கூடாது என்று நினைத்தவர்களுக்கும் கேட்டது.

சென்னிமலைக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. "ஏனுங் மேடம், கோழி பறந்தா எடை கொறையாதுங்களா?"

"கொறையாதுங்க."

"என்னுங்க இப்படிச் சொல்றீங்க? எங்க பண்ணை மேனேஜர் மதியழகன் உங்ககிட்டப் படிச்சவந்தானுங்களே. அவன் சொல்லித்தானுங்க எடைமேடைகிட்ட ஆளே போட்டு வெச்சிருக்கேன், ஒருத்தனும் பாடியைத் தட்டக் கூடாதுன்னு. ஏவாரி வண்டி டிரைவர் சடையன்னு ஒருத்தன். தட்டுனான்னு கையும் களவுமாப் புடிச்சு, இனி இவன் வந்தாக் கோழி கெடையாதுன்னுட்டேன். ஏவாரி அவனை அன்னைக்கே வேலையில இருந்து எறக்கி உட்டுட்டான்."

சௌந்திரம் இப்போதுதான் உட்கார்ந்தார்.

சென்னிமலை விடுகிற ஆள் இல்லை. மேடத்தையும் நயீமையும் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனார். கோழி ஏற்றிய லாரி எடைமேடையில் நின்றது. மதியழகனைச் சின்னத் திரையில் எண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தாளாளரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரி பாடியை டொக்கு டொக்கு என்று தட்டினார். கோழிகள் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தன. இன்னும் பலமாகத் தட்டினார். இரண்டு கோழி கொக்கரித்தது. ஒன்று பக்கத்துக் கோழியின் மேல் சாய்ந்து படுத்தது. தின்று தின்று கொழுத்து, கூண்டுக்குள் தலை நிமிர்த்தவே இடமில்லாத கறிக்கோழி எங்கே பறப்பது? எண் அசையவே இல்லை.

"பறக்கவே மாட்டீங்குதுங்களே" என்றார் சென்னிமலை.

"பறந்திருந்தாலும் சார்..." என்று நயீம் ஆரம்பித்தார்.

"போதுங்க சார்." பிறந்ததிலிருந்து கோழியோடு குடும்பம் நடத்தியவர், தன் கோழி பறக்காது என்று தெரிந்தும், படித்தவன் சொன்னான் என்று பறக்கும் கோழிக்குக் காவல் போட்டிருந்தார். அது அவருக்கு வெட்கமாக இருந்தது. மதியழகன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான், மேடத்தைப் பார்க்கவில்லை.

காரில் திரும்பும்போது சென்னிமலை சொன்னார்: "கிளாஸை நீங்களே எடுங்க மேடம். கம்ப்யூட்டரும் இருக்கட்டும், ஹெட்போனும் இருக்கட்டும், சன்னலையும் மூட வேண்டாமுங்க. ஆனா அந்த டிரைவர்கிட்ட நீங்க போயிச் சொல்லிப் போடுங்க. எனக்கு அவன் மூஞ்சியில முழிக்க ஒரு மாதிரி இருக்குதுங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சௌந்திரத்துக்குச் சந்தோஷம் வரவில்லை.

சடையன் சேந்தமங்கலத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். வெயிலுக்கு ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு ஸ்டாண்டில் நின்றான். சௌந்திரம் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"கோழி லாரி மேடமுங்களா? எங்கக்கா மவன் உங்ககிட்டத்தானுங்க படிச்சான். அவன் சொல்லித்தானுங்க நான் தட்டவே ஆரம்பிச்சேன்."

ஆக, தட்டினவனுக்கும் அவர்தான் வாத்தியார், தட்டினவனைப் பிடித்தவனுக்கும் அவர்தான் வாத்தியார். சௌந்திரம் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது தப்பு, எடை குறையாது என்றார்.

"அதெப்படீங்க? பறந்தாக் கீழ நிக்காதில்லீங்களா?"

மேடம் ஆரம்பித்தார். முழுக் குரல், முழு ஓட்டம். எதிர்க் கடையில் பரோட்டா போட்டவர் கை நிறுத்திப் பார்த்தார். முடித்ததும் சடையன், "அதெப்படீங்க?" என்றான். இன்னும் சத்தமாக முதலிலிருந்து சொன்னார். "சரிங்க, ஆனா அதெப்படீங்க?" என்றான். புரிஞ்சுதுங்க மேடம் என்று சொல்லி மேடத்தை அனுப்பிவைக்க அவனுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

சௌந்திரம் நிறுத்தினார். அவர் குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. "எந்த எடத்துலீங்க புரியல?"

"கோழி காத்தைத் தள்ளுதுன்னீங்க, சரி. காத்துக்கு ஏதுங்க கனம்? அது எப்படி லாரியைத் தள்ளும்?"

அவ்வளவுதான் இடம். அறுபது அறுபது பேராக இருபது வருடம் எதிரில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் இதே இடத்தில் நின்றார்களோ, அவர் கேட்கவே இல்லை. சடையன் கையிலிருந்த அட்டையை வாங்கி, அவனுடைய உள்ளங்கையை நீட்டச் சொன்னார். மேலிருந்து கீழாகப் படபடவென்று வீசினார். அட்டை கையில் படவில்லை.

"என்னமோ அமுத்துதுங்க" என்றான் சடையன்.

"கோழி றெக்கையும் அப்படித்தானுங்க."

அவன் அட்டையை வாங்கித் தானே வீசிப் பார்த்தான், மறு கையில் வாங்கிப் பார்த்தான். "அப்ப நான் தட்டுனது சும்மாங்களா?"

"சும்மாதானுங்க."

"பண்ணைக்காரரு சொல்லி என்னை எறக்கி உட்டதும்?"

"அதுவும் சும்மாதானுங்க. என் வாயாலதான் உங்க வேலை போச்சு. மன்னிச்சுக்கோங்க."

சடையன் சிரித்தான். ஆட்டோ மேல் கை வைத்துக்கொண்டு, இருமல் வருகிற வரை சிரித்தான். சௌந்திரத்தால் சிரிக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "இது எங்கக்கா மவனுக்குத் தெரியுங்களா மேடம்? அவன் இப்பத் தம்மம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க. அவனும் மேசையைத் தட்டித் தட்டித்தானுங்க சொல்லிக் குடுக்கறான். புள்ளைங்க உழுந்து உழுந்து சிரிக்குதுங்களாம்."

நாமக்கல் பஸ் நிலையத்தில் திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பிள்ளைகளின் சிரிப்பு அவரை விடவில்லை. அக்கா மகனின் போன் நம்பரைச் சடையனிடம் வாங்கியிருந்தார். மற்றவர்களுக்கு எங்கே போவது? அந்த இன்ஸ்பெக்டர் எந்த ஊரில் இருக்கிறாரோ. வங்கியில் தட்டினவன் மாற்றலாகிப் போய்விட்டான்.

பஸ் நகரத் தொடங்கியது. அவர் உட்கார்ந்திருந்த சன்னலுக்குக் கீழே, வெளியிலிருந்து யாரோ தகரத்தைத் தட்டினார்கள். டொக்கு டொக்கு. கையில் ஹெல்மெட்டோடு ஒரு ஆள், வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"மேடம்! கோழி லாரி!"

"கண்டக்டர், நிறுத்துங்க" என்றார் சௌந்திரம். அந்தக் குரலுக்கு டிரைவரே பிரேக் போட்டுவிட்டார்.

"இப்பத்தானுங்கம்மா ஏறுனீங்க, என்னுங்க நீங்க" என்று கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கினார். இறங்குவார் என்று எதிர்பார்க்காத பழைய மாணவன் சற்றுப் பின்வாங்கினான். பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது. மேடம் அவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கோழி லாரியில எடை எதனால கொறையுதுன்னு நீ எனக்குச் சொல்லு சாமி" என்றார். "நான் நடுவுல பேச மாட்டேன்."